அவருக்கு இலை கிடையாது

மீன் பிடிக்கப் போறவ எவளாவது, மீனே சிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் போவாளா? நான் போனேன். தோள்ல மூங்கில் கம்பு, இடுப்புல ஓலைக்கூடை, கூடைக்குள்ள ஓட்டை போட்ட தகர டப்பாவுல தவளைங்க. மலாக்காவுல, காஜா பெராங்கிலேர்ந்து பாச்சாங் தாண்டிப் போற மண் ரோட்டுல, "பிள்ளையாரப்பா, இன்னிக்கு ஒரு பொடி மீனைக்கூட என் பக்கம் அனுப்பிடாதே, உனக்குக் கொழுக்கட்டை படைக்கிறேன்"னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டே நடந்தேன். ஜப்பான்காரன் காலத்துல அரிசி மாவுக்கு எங்கடி போவேன்னு அவரும் கேக்கலை.

எதுக்கு இந்த வேண்டுதல்னு சொல்றேன், கேளுங்க.

அன்னிக்குப் போகி. நான் வாக்கப்பட்ட வீடு கம்போங் செட்டியில, அதாவது செட்டிங்க கிராமத்துல. செட்டின்னதும் வட்டிக்கடைக்காரங்கன்னு நினைச்சிடாதீங்க. இவங்க மலாக்காவுலயே பரம்பரை பரம்பரையா இருக்கிறவங்க. சாமி நம்ம சாமி, பேரு நம்ம பேரு, பேச்சு மட்டும் மலாய். நான் ரப்பர் தோட்டத்துல பிறந்தவ, எனக்குத் தமிழ் இல்லாம மூச்சே வராது. மாமியாருக்கோ தமிழ்ல தெரிஞ்சது சாமி பேரும் பலகாரப் பேரும்தான். அவங்களை மலாய்ல 'மாக்'னுதான் கூப்பிடுவேன், அம்மான்னு அர்த்தம். எங்க சண்டை பூரா மலாய்லதான் நடக்கும், கடைசித் திட்டு மட்டும் நான் தமிழ்ல திட்டுவேன். உங்களுக்காக எல்லாத்தையும் தமிழாக்கியே சொல்றேன்.

போகி அன்னிக்கு அந்த வீடுகள்ல பார்ச்சு நடக்கும். செத்தவங்களுக்குப் படையல். கூடத்துல வரிசையா வாழை இலை போட்டு, செத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் உசிரோட இருந்தப்போ எது பிடிக்குமோ அதை வைக்கணும். சாம்பிராணி போட்டு, வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு வெளியே வந்துடணும். அவங்க வந்து சாப்பிட்டுப் போவாங்க. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லலை. செத்தவங்களுக்குப் போட்டா நல்ல வழக்கம்.

முந்தின நாள் சாயங்காலம் மாக் சொன்னாங்க, "அஞ்சலை, நாளைக்கு இலை வெட்டுறப்போ ஒண்ணு கூடுதலா வெட்டு."

"யாருக்கு?"

"என் மகனுக்கு."

தோல் உரிச்சுக்கிட்டிருந்த மரவள்ளிக் கிழங்கு கையிலேர்ந்து நழுவி விழுந்துச்சு.

அவங்க மகன்னா என் வீட்டுக்காரர். அவருக்குப் பேர் இருக்கு, நான் சொல்ல மாட்டேன். புருசன் பேரைப் பொண்டாட்டி சொன்னா அவர் ஆயுசு குறையும்பாங்க. மடத்தனம்னுதான் வையுங்களேன். ஆனா அப்போ இருந்த காலத்துல ஆயுசோட விளையாட எனக்குத் தைரியம் இல்லை. கூப்பன் அரிசி குடுக்கிறவன் வந்து கேட்டப்போகூட, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவ வாயால சொல்ல வச்சேன். உப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போன மனுசனை ஜப்பான்காரன் லாரியில ஏத்தி, சயாம்ல ரயில் பாதை போடக் கொண்டு போயிட்டான். அதுக்கப்புறம் ஒன்றரை வருசம். கடுதாசி இல்லை, ஆள் மூலமா ஒரு சேதி இல்லை. சயாமுக்குப் போனவன் ஒருத்தன்கூட மிஞ்சலை, காலராவுல பூண்டோட அழிஞ்சான்னு மட்டும் ஊரே பேசிக்கிட்டிருந்துச்சு.

"யாரு செத்தான்னு இலை போடுறீங்க?"ன்னு எந்திரிச்சு நின்னேன். "பார்த்தவன் வந்து சொன்னானா? சும்மா இருக்கிற ஊர் வாய் சொன்னா ஆச்சா?"

மாக் சத்தம் போடலை. அவங்க சத்தம் போட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். "கனவுல வர்றான் அஞ்சலை. பின்வாசல்ல நின்னுக்கிட்டு, பசிக்குது மாக், பசிக்குது மாக்ங்கிறான். பெத்தவ நான் எப்படிச் சும்மா இருப்பேன்? இலை போடலைன்னா அவன் பட்டினியா அலைவான்."

"பசிச்சா வீட்டுக்கு வரட்டும். கால் இருக்குல்ல? உசிரோட இருக்கிற மனுசனுக்கு இலை போட்டா என்ன ஆகும்? நீங்களே பெத்த பிள்ளையைப் பாடையில ஏத்துற மாதிரி ஆகாதா?"

வாய் முந்திக்கிச்சு. மாக் முகம் செத்துப்போச்சு. "நீ பொண்டாட்டி, உனக்கு ஆசை இருக்கும். நான் தாய், எனக்குத் தெரியும்"னாங்க.

எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிச்சு. அதென்ன தாய்க்குத் தெரியும்? அவர் சட்டைப் பொத்தான் தைச்சவ நான், அவர் குறட்டைக்குப் பக்கத்துல படுத்தவ நான், எனக்கு ஒண்ணும் தெரியாதா?

மாக் தன் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போனாங்க. "அவனுக்கு விரால் மீன் போட்டுப் புளிப்பா அசாம் குழம்பு வச்சா உசிரு. நல்ல நாளும் அதுவுமா கருவாடு வைக்கப் போறேனேன்னுதான் கஷ்டமா இருக்கு."

அப்போதான் எனக்கு அந்தக் குறுக்குப் புத்தி வந்துச்சு. "சரி மாக். நாளைக்கு நானே போறேன். விரால் சிக்குச்சுன்னா அவருக்கு இலை போடுங்க, நான் குறுக்க வாயே திறக்கலை. சிக்கலைன்னா இந்த வருசம் அவருக்கு இலை கிடையாது. சம்மதமா?"

"எங்க போவே?"

"செங்கல் சூளை ஏரிக்கு."

மாக் யோசிச்சாங்க. நான் தூண்டில் போட்டா வெறுங்கையோட வந்ததில்லைன்னு அவங்களுக்குத் தெரியும். விளக்கு மேல கை வச்சு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினோம்.

மாக் வீட்டை விட்டு வெளியே போறதே இல்லை. அந்த ஏரியில என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் அது, மழைத் தண்ணி தேங்கி ஏரியாயிருச்சு. ஒரு காலத்துல விரால் அவ்வளவு கிடக்கும். அதுக்கு முந்தின வருசம் ஜப்பான் சிப்பாய்ங்க லாரியில வந்து, சோம்பேறிப் பசங்க, தண்ணிக்குள்ள கைக்குண்டை வீசி மீன் பிடிச்சானுங்க. பெருசு, சிறுசு எல்லாம் வயித்தைத் திருப்பிக்கிட்டு மிதந்துச்சாம். அள்ளினது போக மிச்சம் நாறிக் கிடந்து, அந்தப் பக்கம் போறவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அங்க தூண்டில் போட்டவன் ஒருத்தனுக்கும் ஒண்ணும் சிக்கலை. ஒரு உசிரும் மிஞ்சலைன்னு ஊர் முடிவு கட்டிடுச்சு. அதனாலதான் அந்த ஏரியைச் சொன்னேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கிட்டுத்தான் தூங்கினேன்.

மண் ரோடு பிரியுற முக்குல ஒரு சிப்பாய் காவல் நிப்பான். அவன் முன்னால இடுப்பு ஒடியக் குனியணும், இல்லைன்னா கன்னம் வீங்கிடும். நான் நல்லாவே குனிவேன். குனிஞ்சுக்கிட்டே, கோயில்ல அர்ச்சனைக்குப் பேர் சொல்ற மாதிரி மெதுவா, "நாசமாப் போறவனே, உன் வாயில மண்ணு விழ, நீ கட்டையில போக"ன்னு சொல்லுவேன். அன்னிக்கும் சொன்னேன். மரியாதை தெரிஞ்ச பொம்பளைன்னு அவன் தலையை ஆட்டிவிட்டான். கையில கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்தான். ஊர்க் கடிகாரம் எல்லாத்தையும் அவனுங்க தோக்கியோ நேரத்துக்கு மாத்தி வச்சிருந்தானுங்க. சூரியன்கிட்ட மட்டும் அவனுங்க பாச்சா பலிக்கலை. அது மலாக்கா நேரத்துக்குத்தான் வந்துச்சு.

ஏரிக்கரையில ஒரு ஈ காக்கா இல்லை. பாசி படர்ந்து, தண்ணி கருப்பாக் கிடந்துச்சு. பொழுது சாயுற வரைக்கும் உக்காந்து தூங்கிட்டு வந்தா யாரு கேக்கப் போறான்னு நீங்க நினைப்பீங்க. நானும் நினைச்சேன். ஆனா விளக்கு மேல கை வச்சு, போய்ப் பிடிக்கிறேன்னு சொன்னவ, தூங்கினா அது சத்தியத்துல சேருமா? அது போக, தூண்டிலைக் கையில எடுத்துட்டா எனக்கு அரைகுறையா வேலை செய்ய வராது. தோட்டத்துல இருந்தப்போ ஆம்பளைங்களே எங்கிட்ட இடம் கேட்டுத்தான் தூண்டில் போடுவாங்க. அந்தத் திமிர் எனக்கு இன்னும் போகலை.

பெரிய விராலுக்குத் தவளைதான் இரை. முதுகுத் தோல்ல முள்ளைக் கோத்து, கம்பை நீட்டி, பாசி ஓரமா தண்ணி மேல டப், டப்னு குதிக்க விடணும். தவளை தானாத்தான் துள்ளுதுன்னு மீன் நம்பணும். நம்ம நிழல் தண்ணியில விழக் கூடாது. பேசக் கூடாது.

இந்தப் பேசக் கூடாதுங்கிறதுதான் அவருக்கு ஆகவே ஆகாது. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமையானா நானும் வர்றேன்னு குடையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வருவார். வெயில் என் மேல படக் கூடாதாம். குடை நிழல் கரெக்டா மீன் இருக்கிற இடத்துல விழும். "இந்த மீனுக்கு உன்னைவிட ரோசம் ஜாஸ்தி அஞ்சலை, கூப்பிட்டா வரமாட்டேங்குது"ன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். வாயை மூடுங்கன்னு கத்துவேன். நான் கத்துறதுல மிச்ச மீனும் ஓடிடும். ரெண்டு பேரும் சேர்ந்து போன நாள்ல மீன் பாதிதான் சிக்கும்.

அன்னிக்கு யாரும் பேசலை. குடை இல்லை, நிழல் இல்லை. இப்படி ஒரு நாள் நிம்மதியா மீன் பிடிக்கணும்னு எத்தனை தடவை ஆசைப்பட்டிருப்பேன்! அந்த நிம்மதி நாசமாப் போகட்டும். கம்பை மடியில வச்சுக்கிட்டு அழுதேன், வாய் விட்டே அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திட்டு மறுபடி தவளையைக் கோத்தேன்.

காலை போச்சு. ஒரு கடி இல்லை. கரையைச் சுத்திச் சுத்தி இடம் மாத்தினேன். ஒரு தவளை முள்ளை விட்டு ஓடிடுச்சு. தூண்டில் நரம்பு பாசி வேர்ல மாட்டி, இடுப்பளவு தண்ணியில இறங்கி எடுத்ததுல கால்ல அட்டை ஏறிடுச்சு. மத்தியானம் கொண்டு போன மரவள்ளிக் கிழங்கை உப்புல தொட்டுத் தின்னேன். அது தொண்டையில இறங்கினதும் இன்னும் பசிச்சுது.

நான் வேண்டினபடிதானே நடக்குது, சந்தோசமா இருக்கணும்ல? வெயில் ஏற ஏற எனக்குக் கோவம்தான் ஏறிச்சு. என்னடா இது, அஞ்சலை தூண்டிலுக்கு ஒரு பொடிப் பயல்கூடவா இல்லை? சிக்குச்சுன்னா என் புருசன் செத்தவராயிடுவார். சிக்கலைன்னா நான் தூண்டில் போடத் தெரியாதவளாயிடுவேன். எப்படி விழுந்தாலும் அடி எனக்குத்தான். போதாக்குறைக்கு வயிறு வேற. வீட்ல நானும் மாக்கும் மீன் தின்னு எத்தனையோ மாசமாச்சு. பிள்ளையார்கிட்ட ஒரு வேண்டுதல், வயித்துக்குள்ள அதுக்கு நேர் எதிரா ஒரு வேண்டுதல். அவர் எதைக் கேப்பார், பாவம்.

பொழுது சாய ஆரம்பிச்சுது. இதோட போதும், ஜெயிச்சாச்சுன்னு நரம்பைச் சுருட்டப் போனேன். அப்போ பாசி ஓரமா ஒரு இடத்துல தண்ணி சிவந்துச்சு.

உத்துப் பார்த்தேன். குஞ்சுங்க! விரால் குஞ்சு பொரிச்ச புதுசுல செவசெவன்னு இருக்கும். குங்குமச் சிமிழ் கவுந்த மாதிரி கூட்டமா மேல வந்து, மூச்சு வாங்கிட்டு உள்ள போச்சு. மறுபடி வந்துச்சு. குஞ்சு இருந்தா அடியில பெருசு இருக்கும். தாயோ தகப்பனோ, குஞ்சுங்களை விட்டு நகராது. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல தவளையைப் போட்டா கட்டாயம் அடிக்கும். பசியில அடிக்காது, கோவத்துல அடிக்கும். எனக்கு அந்தக் கோவம் நல்லாப் புரியும்.

போடாதேடி அஞ்சலைன்னு மனசு சொல்லுது. கை கேட்டாத்தானே? தவளை போய் விழுந்துச்சு. ஒரு துள்ளல், ரெண்டு துள்ளல். அடுத்தது, ஏரியே வாயைத் திறந்த மாதிரி தண்ணி பொளந்து, கம்பு வளைஞ்சு, என் கால் சேத்துல வழுக்கி, குப்புற விழுந்தேன். விட்டேனா நான்? முழங்கால்ல நின்னுக்கிட்டே இழுத்தேன். அது ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, கடைசியில கரைப் புல்லுல வந்து தொப்புன்னு விழுந்துச்சு.

என் கை நீளத்துக்கு இருந்துச்சு. கருப்பா, கொழுகொழுன்னு. ஒரு கண் வெள்ளையாப் பூத்துப் போயிருந்துச்சு. குண்டு வெடிச்சதுல போன கண்ணா, வேற எதுலயோ போன கண்ணா, அது அந்த மீனுக்குத்தான் தெரியும்.

பொய் சொல்ல மாட்டேன். முதல்ல எனக்கு வந்தது அசாம் குழம்பு வாசனை. புளி, மிளகாய், கொதிக்கிற சட்டி, எல்லாம் மூக்குக்கு நேரா வந்துச்சு. அடிக்கிறதுக்குக் கல்லைக்கூடக் கையில எடுத்துட்டேன். அதுக்கு அப்புறம்தான் சத்தியம் ஞாபகம் வந்துச்சு. சிக்கினா இலை.

"எதுக்குடி வந்தே? சனியனே, எதுக்குடி வந்து மாட்டினே?"ன்னு அதைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாம் செத்துப்போச்சுன்னாங்களே! ஒண்ணும் மிஞ்சலைன்னாங்களே! அதை நம்பித்தானே நான் இங்க வந்தேன்!"

அது வாயைத் திறந்து திறந்து மூடிச்சு. விரால் சீக்கிரத்துல சாகாது. தண்ணி இல்லாமக்கூட ரொம்ப நேரம் கிடக்கும். நான் கல்லைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். இந்த ஏரி பூரா செத்துப்போச்சுன்னு எந்த ஊர் சொல்லுச்சோ, அதே ஊர்தானே சயாமுக்குப் போனவன் பூரா செத்தான்னும் சொல்லுது? இதோ இது என் முன்னால துள்ளுது. ஒத்தைக் கண்ணோட, குஞ்சும் குட்டியுமா இருந்திருக்கு. குண்டு போட்டவனுக்கும் தெரியலை, ஊருக்கும் தெரியலை, பெரிய கெட்டிக்காரி எனக்கும் தெரியலை. அப்போ அவருக்கு மட்டும் என்னவாம்?

கல்லைத் தூக்கித் தூரப் போட்டேன். வாய்லேர்ந்து முள்ளை மெதுவா எடுத்தேன், என் விரல் கிழிஞ்சுது. ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டுத் தண்ணியில இறங்கி, குஞ்சுங்க இருந்த பக்கமா விட்டேன். "போ. எவன் வந்து குண்டு போட்டாலும் செத்துத் தொலைக்காதே"ன்னேன். ஒரு தடவை வாலை அடிச்சுது, என் முகமெல்லாம் சேறு, போயிடுச்சு.

திரும்பி வர்றப்போ அதே சிப்பாய் கூடையைக் கவுத்துப் பார்த்தான். ஒண்ணும் இல்லை. சேறும் சகதியுமா நின்ன என்னைப் பார்த்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். மீன் இருந்திருந்தா இவன் பிடுங்கியிருப்பான், அதனால விட்டதே நல்லதுன்னு மனசைத் தேத்திக்கலாம்தான். எனக்கு அப்படிச் சாக்கு ஒண்ணும் வேண்டியிருக்கலை. இடுப்பு ஒடியக் குனிஞ்சு, காலையில சொன்னதோட அவன் வம்சத்துக்கும் சேர்த்து நாலு வார்த்தை சொல்லிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தப்போ விளக்கு ஏத்தியாச்சு. கூடத்துல இலைங்க வரிசையா இருந்துச்சு. மாமனாருக்கு ஒண்ணு, அவரைப் பெத்தவங்களுக்கு ரெண்டு, சின்ன வயசுல செத்துப்போன நாத்தனாருக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் அவிச்ச மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், ஒரு கை தேங்காய்ப் பூ. மாமனார் இலை ஓரத்துல ஒரு கிண்ணம் கள். ஒரு இலை மட்டும் சுருட்டி, சுவத்துல சாய்ச்சு வச்சிருந்துச்சு. மாக் சொன்ன வார்த்தைப்படி நான் வர்ற வரைக்கும் அதை விரிக்கலை.

"சிக்குச்சா?"ன்னாங்க.

சிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. அதுக்குத்தானே இத்தனை பாடு! ஆனா எனக்கு அந்தச் சேதியை வயித்துல வச்சுக்க முடியலை. "சிக்குச்சு மாக்! கை நீளம், ஒத்தைக் கண்ணு! குஞ்சு பொரிச்சு வச்சிருக்கு! அது குண்டு போட்ட ஏரி மாக், ஜப்பான்காரன் குண்டு போட்டு எல்லாம் செத்துப்போச்சுன்னு ஊரே சொன்ன ஏரி. மீன் இருக்காதுன்னுதான் நான் அங்க போனேன், உங்களை ஏமாத்தத்தான் போனேன். அங்க ஒண்ணு உசிரோட இருக்கு!"

மாக் வெறுங்கூடையைப் பார்த்தாங்க. என் கையைப் பிடிச்சு மோந்து பார்த்தாங்க. விரால் வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது. "எங்கே?"

"விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?" அப்போதான் சத்தம் வந்துச்சு அவங்களுக்கு. "வீட்ல தின்ன ஒண்ணும் இல்லை, என் பிள்ளை பசிபசின்னு அலையுறான், நீ விட்டுட்டு வந்தியா? என்னை ஏமாத்தப் போனவ நீ, விளக்கு மேல கை வச்சவ நீ. சிக்கினா இலைன்னு உன் வாயாலதானே சொன்னே?"

சொன்னது நான்தான். மாக் போய்ச் சுருட்டின இலையை எடுத்து, மாமனார் இலைக்குப் பக்கத்துல விரிச்சாங்க. தண்ணி தெளிச்சாங்க. ஒரு துண்டுக் கருவாடும் கிழங்கும் வச்சாங்க. நான் குறுக்க வாயே திறக்கலை, அதுவும் சத்தியத்துல சேர்த்திதான். மாக் சாம்பிராணிக் கரண்டியை எடுத்துக்கிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட வாசலுக்குத் திரும்பினாங்க.

நான் போய் அந்த இலைக்கு முன்னால சப்பணம் போட்டு உக்காந்தேன். சேத்துச் சேலையோட, கை காலைக்கூடக் கழுவலை. கிழங்கைப் பிட்டு வாயில போட்டேன்.

"அஞ்சலை!"

மென்னுக்கிட்டே சொன்னேன், "இலை போடணும்னுதான் பேச்சு மாக், போட்டாச்சு. யாரு உக்காரணும்னு பேச்சே இல்லை. உசிரோட இருக்கிறவர் பொண்டாட்டி நான் உக்காருவேன். அவர் பங்கை நான் தின்னுவேன். அவருக்குப் பசிச்சா வந்து எங்கிட்ட சண்டை போட்டு வாங்கிக்கட்டும்."

செத்தவங்க வரிசையில, அவங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாலயே ஒருத்தி எச்சில் பண்ணினா, அதைவிடப் பெரிய அபசாரம் அந்த வீட்டுக்கு இல்லை. மாக் கரண்டியை ஓங்கினாங்க. நெருப்போட என் மேல விழும்னுதான் நினைச்சேன். அடிச்சா அடிக்கட்டும்னு இன்னொரு துண்டு பிட்டேன். விக்கல் வந்து, கண்ணுலேர்ந்து தாரை தாரையா ஊத்துது. நான் தின்னுறதை நிறுத்தலை.

கரண்டி கீழ இறங்கிச்சு. மாக் உள்ள போய் ஒரு லோட்டா தண்ணி கொண்டு வந்து எம் பக்கத்துல வச்சாங்க. "மெதுவா தின்னு, விக்குது பாரு"ன்னாங்க. அப்புறம் அடுப்பாங்கரைக்குப் போய், பரண் மேல கட்டிப் போட்டிருந்த அவரோட பீங்கான் தட்டை இறக்கிக் கழுவுற சத்தம் கேட்டுச்சு. சட்டியில இருந்த கடைசிக் கிழங்கைத் தட்டுல வச்சு, இன்னொரு தட்டால மூடி, அடுப்பு மேட்டுல வச்சாங்க. வேலைக்குப் போனவர் லேட்டா வந்தா அப்படித்தான் மூடி வைப்போம். அதுக்கப்புறம் வாசல்ல நின்னு மத்தவங்க பேரை மட்டும் கூப்பிட்டாங்க.

அந்த வருசமே ஜப்பான்காரன் போய்ச் சேர்ந்தான். நான் குனிஞ்சு குனிஞ்சு சொன்னதுல கொஞ்சமாவது பலிச்சிருக்கும்னுதான் நான் நம்புறேன். மழைக்காலத்துல, சயாம்லேர்ந்து திரும்பின சுப்பையன்கிறவர் எங்க வீட்டைத் தேடிக்கிட்டு வந்தார். எலும்பும் தோலுமா, கால்ல ஆறாத புண்ணோட. அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே குடிசையில கிடந்தவங்க.

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காய்ச்சல்னு சொன்னார். ஆனி மாசம்னு சொன்னார். ஜப்பான்காரன் கையைத் தூக்குறதுக்குக் கொஞ்சம் முன்னால.

நான் ஒண்ணுதான் கேட்டேன். "தைப் பொங்கலுக்கு?"

"எந்தப் பொங்கல்? இந்த வருசமா? அப்போ நல்லாத்தாம்மா இருந்தார். சட்டையைக் குடுத்துக் கொஞ்சம் அரிசி வாங்கி, பால் டின்ல பொங்கல் வச்சோமே! அன்னிக்குக்கூடச் சொன்னார். இந்நேரம் என் பொண்டாட்டி ஏரிக்கரையில வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பா, பக்கத்துல பேச ஆள் இல்லாம மீன் நிறையப் பிடிப்பான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்."

மாக் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க சொல்ல வந்தது எனக்குக் கேட்டுடுச்சு. அந்தப் போகிக்கு அவர் பேரையும் கூப்பிட்டிருந்தா, சிரிச்சுக்கிட்டிருந்த மனுசனைச் செத்தவங்களோட சேர்த்துக் கூப்பிட்டிருப்போம். நான் விடலை. அவர் செத்தது ஆனியில. தையில அவரைச் சாகடிக்க நான் யாரையும் விடலை.

அடுத்த போகிக்கு அதே ஏரிக்குப் போனேன். பிள்ளையார்கிட்ட ஒண்ணும் வேண்டலை. அந்த ஒத்தைக் கண்ணு வரலை, வேற ஒரு விரால் சிக்குச்சு, அதைக் கொண்டு வந்தேன். அசாம் குழம்பு நானே வச்சேன், தலையை உடைக்காம. அவர் தலைதான் விரும்பித் தின்னுவார். இலையை நானே வெட்டினேன், நானே விரிச்சேன். மாக் வாசல்ல நின்னு மாமனார் பேரைக் கூப்பிட்டாங்க, நாத்தனார் பேரைக் கூப்பிட்டாங்க. மகன் பேர் வர்றப்போ அவங்களுக்குக் குரல் எழும்பலை. என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ கூப்பிடு"ன்னாங்க.

கட்டின நாள்லேர்ந்து நான் சொல்லாத பேர் அது. சொன்னா ஆயுசு குறையும்னு சொல்லாத பேர். இனி குறையறதுக்கு என்ன இருக்கு? வாசப்படியில ஏறி நின்னு, தெருக்கோடி வரைக்கும் கேக்கிற மாதிரி கூப்பிட்டேன்.

"கருணாகரன்! விரால் குழம்பு ஆறிடும், வாங்க!"